விக்டர் ஹாரா: சாவைப் பேசியது போதும், பாட்டைப் பேசுவோம்

செம்மண்தடம்:

செப்டம்பர் வந்தால் ஒரே படம், ஒரே கதை. சுருட்டை முடியோடு ஒருவர் கிதாரை அணைத்துக்கொண்டு சிரிப்பார், கீழே "கைகளை வெட்டிக் கொன்றார்கள்" என்று நாலு வரி இருக்கும், எல்லாரும் பகிர்வார்கள், அத்தோடு அடுத்த செப்டம்பர்தான். சிலே நாட்டின் விக்டர் ஹாராவைப் பற்றி நம் பக்கங்களில் பெரும்பாலும் கிடைப்பது அந்த நாலு வரிதான். அவர் என்ன பாடினார், யாரிடம் கற்றார், பாட்டுக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார், ஒரு கிதார்காரர்மேல் ராணுவத்துக்கு ஏன் அவ்வளவு வெறி, இதெல்லாம் இருக்காது. கொல்லப்பட்டபோது அவருக்கு 41 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அந்த நாற்பது வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசிச் சில நாட்களை மட்டும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால்தான் இந்த இழை. பாட்டு, நாடகம், அரசியல், குடும்பம் என்று தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, விஷயத்தோடு போடுங்கள்.

வடகரை:

நல்ல இழை. ஆனால் என்னைப் போன்றவர்கள் அவரிடம் வந்ததே அந்தச் சாவு வழியாகத்தான் தோழர். மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர் பார்க்க இரண்டு கைகளையும் வெட்டி, "இப்போது வாசி" என்றார்கள், அவர் எழுந்து நின்று பாடினார் என்று படித்திருக்கிறேன். இது உண்மையா, இல்லையா? முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மற்றதைப் பேசலாம்.

பழைய_ரேடியோ:

சரி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

1973 செப்டம்பர் 11. ஹாரா அப்போது சாந்தியாகோவில் அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலையில் இருந்தார். இடதுசாரி அதிபர் சல்வதோர் அயெந்தே அன்று அங்கே பாசிசத்துக்கு எதிரான ஒரு கண்காட்சியைத் திறந்துவைப்பதாகவும், ஹாரா பாடுவதாகவும் ஏற்பாடு. காலையிலேயே ஆட்சியைக் கவிழ்க்க ராணுவம் கிளம்பிவிட்டது. நண்பகலில் அதிபர் மாளிகைமேல் விமானங்கள் குண்டு போட்டன, அயெந்தே உள்ளேயே இறந்தார். ரேடியோவில் செய்தி கேட்ட பிறகும் ஹாரா வீட்டில் இருந்துவிடவில்லை, கிதாரோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஊரடங்கு போட்டதால் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்களோடு இரவு அங்கேயே தங்கினார். மறுநாள் பீரங்கியால் சுட்டுக்கொண்டே ராணுவம் உள்ளே வந்து எல்லாரையும் பிடித்து "எஸ்தாதியோ சிலே" என்ற இடத்துக்குக் கொண்டுபோனது.

அது கால்பந்து மைதானம் இல்லை. கூரை போட்ட உள்ளரங்கு. பெரிய திறந்தவெளி மைதானம் வேறு, அதன் பெயர் தேசிய ஸ்டேடியம், அங்கேயும் கைதிகளை அடைத்தார்கள், அதனால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உள்ளே போகும்போதே ஒரு அதிகாரி ஹாராவை அடையாளம் கண்டு வரிசையிலிருந்து தனியாக இழுத்தான். அடுத்த நாட்களில் முகத்தில், விலாவில், கைகளில் துப்பாக்கிக் கட்டையாலும் பூட்ஸ் காலாலும் அடித்தார்கள். கைகள் நசுங்கின, வெட்டப்படவில்லை. கூட்டத்தின் முன்னால் நின்று கையில்லாமல் பாடிய காட்சியும் பிறகு சேர்ந்ததுதான். நடந்தது வேறொன்று. சக கைதியான வழக்கறிஞர் போரிஸ் நாவியா கொடுத்த தாளில், அடிபட்ட அந்தக் கையால், ஒரு கவிதை எழுதினார். இந்தச் சின்ன மூலையில் நாங்கள் ஐயாயிரம் பேர் இருக்கிறோம் என்று தொடங்கும். நாவியாவிடமிருந்து மூலத்தாள் பிடிபட்டுவிட்டது, ஆனால் அதற்குள் மற்ற கைதிகள் படி எடுத்துவிட்டதால் கவிதை வெளியே வந்தது. அதற்குத் தலைப்புகூட அவர் வைக்கவில்லை. பிறகு அமெரிக்க நாட்டுப்பாட்டுக்காரர் பீட் சீகர் அதை ஆங்கிலத்தில் மேடைகளில் சொல்லிச் சொல்லி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

மற்ற கைதிகளை தேசிய ஸ்டேடியத்துக்கு மாற்றியபோது ஹாராவையும், அயெந்தே அரசில் சிறைத்துறைத் தலைவராக இருந்த லித்ரே கிரோகாவையும் அனுப்பாமல் நிறுத்தி வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஹாரா உடலில் 44 குண்டுகள். செப்டம்பர் 16ஆம் தேதி மெட்ரோபாலிட்டன் இடுகாட்டுக்குப் பக்கத்தில் உடல்கள் கிடந்தன.

நீதிமன்றத்தில் நிரூபணமானது இவ்வளவு. இதற்குமேல் நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை. சேர்த்தால், "அது பொய் பார், அப்படியானால் எல்லாமே பொய்தான்" என்று சொல்லக் காத்திருக்கும் ஆட்களுக்குத்தான் வசதி. சிலேயில் அப்படிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வடகரை:

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. இனி சாவை விடுவோம். பிறப்பிலிருந்து யாராவது தொடங்குங்கள். அவர் பண்ணைக் கூலிக் குடும்பம் என்று மட்டும் தெரியும்.

நாற்றுமேடை:

அவர் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாட்டு அங்கிருந்துதான் வருகிறது.

ஹாரா பிறந்தது 1932 செப்டம்பர் 28. வளர்ந்தது சாந்தியாகோவுக்கு வெளியே லொங்கேன் என்ற கிராமத்தில். அப்பா மனுவேல் பண்ணையாரின் நிலத்தில் உழைப்பவர். அங்கே அன்றைக்கிருந்த முறைப்படி குடியிருக்க ஒரு குடிசை, பயிர் வைக்க ஒரு துண்டு நிலம், அதற்கு ஈடாகக் குடும்பமே பண்ணைக்கு உழைக்க வேண்டும். பிள்ளைகள் சின்ன வயதிலேயே வயலுக்கு வந்தாக வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். குடி வேறு, அடி வேறு, கடைசியில் குடும்பத்தை விட்டே போய்விட்டார்.

அம்மா அமாந்தா தெற்கிலிருந்து வந்தவர், மாபுச்சே பழங்குடி வழி. ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் கிதார் எடுத்துக்கொண்டு போய்ப் பாடுபவர். அங்கே கைக்குழந்தை இறந்துபோனால் உடலை அலங்கரித்து உட்காரவைத்து, அது நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விட்டது, தாயே அழாதே என்று இரவெல்லாம் பாடுவார்கள். அந்த இரவுகளில் அம்மா பாடப் பாட மூலையில் படுத்துக் கேட்டு வளர்ந்த பையன் இவர். நம் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அதிலிருந்து வருகிற குரல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

பிறகு அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாந்தியாகோவுக்கு வந்தார். சந்தையில் சாப்பாட்டுக் கடை. விடிவதற்கு முன்னால் எழுந்து இரவு வரை வேலை. அந்தப் பெண்ணுக்குப் பாட நேரமே இல்லாமல் போனது, கிதார் சுவரில் தொங்கியது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதம். ஹாரா பள்ளிப் படிப்பில் இருந்தபோதே அம்மா திடீரென்று இறந்துபோனார். பையன் நிலைகுலைந்து போய், ஒரு பாதிரியாரின் யோசனைப்படி ரெதெம்ப்டோரிஸ்ட் சபையின் குருமடத்தில் சேர்ந்தார். இரண்டு வருஷம் இருந்தார். நமக்கு இது சரிவராது என்று தெரிந்து வெளியே வந்தார், வந்த கையோடு கட்டாய ராணுவ சேவை. ஆமாம், அவர் அதே ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்.

செம்மண்தடம்:

அக்கா விட்ட இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து நாடகம்.

ராணுவத்திலிருந்து வந்தவர் பல்கலைக்கழகப் பாடகர் குழுவில் தேர்வாகி "கார்மினா புரானா" என்ற கூட்டிசைப் படைப்பின் மேடையேற்றத்தில் துறவி வேஷத்தில் பாடினார். அங்கிருந்து மெளன நாடகம், பிறகு சிலே பல்கலைக்கழக நாடகப் பள்ளி. கையில் காசில்லாத மாணவர். அங்கேதான் அலெஹாந்த்ரோ சீவெக்கிங் என்ற நாடக ஆசிரியர் நண்பரானார். அவர் எழுதுவார், இவர் இயக்குவார். 1959இல் செய்த முதல் பெரிய நாடகம் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது, புரட்சி நடந்து கொஞ்ச காலமே ஆன கியூபாவுக்கும். 1965இல் "லா ரெமோலியெந்தா" என்ற கிராமத்து நகைச்சுவை நாடகம் பெரிய வெற்றி.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், 1960களில் சாந்தியாகோவில் அவரை நாடக இயக்குநராகத்தான் முதலில் தெரியும். பாட்டு பக்கவாட்டில் நடந்தது. கிலாபாயூன் என்ற பாட்டுக் குழுவுக்கு 1966 முதல் 1969 வரை கலை இயக்குநராக இருந்தவரும் இவர்தான். கறுப்பு பொஞ்சோ போட்டு வரிசையாக அசையாமல் நின்று பாடும் அந்தக் குழுவின் மேடை ஒழுங்கு இருக்கிறதே, அதில் ஒரு நாடகக்காரரின் கை தெரியும். எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது, எந்த இடத்தில் அமைதியாக விடுவது எல்லாம் யோசித்துச் செய்தது.

பாட்டுப் பக்கம் அவரைத் தள்ளியது வியோலெத்தா பார்ரா. கிராமம் கிராமமாகப் போய்க் கிழவிகளிடமும் கிழவர்களிடமும் பாட்டுச் சேகரித்த அந்த அம்மா இல்லாமல் சிலேயின் புதுப்பாட்டு இயக்கமே இல்லை. 1957இல் அவரைச் சந்தித்த ஹாராவிடம் பாட்டை விடாதே என்று சொன்னவர் அவர். அதே காலத்தில் குன்குமேன் என்ற நாட்டுப்பாட்டுக் குழுவில் சேர்ந்து, 1961இல் ஐரோப்பா வரை போனார். 1965இல் வியோலெத்தாவின் பிள்ளைகள் இசபெல்லும் ஆங்கெலும் சாந்தியாகோவில் கார்மென் தெருவில் ஒரு பழைய வீட்டில் "பேன்யா", அதாவது பாட்டுக் கூடம், தொடங்கினார்கள். மெழுகுவர்த்தி, திராட்சை மது, எம்பனாடா, ஒலிபெருக்கி இல்லாமல் பாட்டு. ஹாரா அங்கே நிரந்தரப் பாடகர். 1967இல் வியோலெத்தா தற்கொலை செய்துகொண்டார். அந்த அம்மாவுக்குத் தனி இழை வேண்டும், இங்கே நுழைத்தால் நியாயமாக இருக்காது.

கிதார்காரன்:

நான் வாசிக்கிறவன், அதனால் இசைப் பக்கம் சொல்கிறேன்.

"தே ரெகுவேர்தோ அமாந்தா" எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. தெரியாதவர்களுக்கு: அமாந்தா என்ற பெண் மழையில் நனைந்த தலையோடு தெருவில் ஓடுகிறாள். ஆலையில் வேலை செய்யும் மனுவேலைப் பார்க்க. அவனுக்கு ஐந்து நிமிஷ இடைவேளை, அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் மலர்ந்துவிடுகிறாள். சங்கு ஊதுகிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு மனுவேல் மலைக்குப் போராடப் போகிறான், யாருக்கும் தீங்கு செய்யாதவன், ஐந்து நிமிஷத்தில் சிதைந்துபோகிறான். மறுபடியும் ஆலைச் சங்கு ஊதுகிறது, பலர் திரும்பி வரவில்லை, மனுவேலும்தான். அதே ஐந்து நிமிஷம் காதலுக்கும் சாவுக்கும் வருகிறது, கவனியுங்கள். பாட்டில் ஒரு கோஷம்கூட இல்லை. மெட்டு மேலே போக வேண்டிய இடத்தில்கூட அவர் குரலை உயர்த்தவே மாட்டார், கிதார் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தப் பெண்ணின் ஓட்டம் நிற்பதே இல்லை.

1968இல் இங்கிலாந்தில் இருந்தபோது எழுதியது. அமாந்தாவும் மனுவேலும் அவர் பெற்றோரின் பெயர்கள். சின்ன மகள் பெயரும் அமாந்தாதான், அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. நிஜ வாழ்க்கையில் அந்த மனுவேலிடமிருந்து அந்த அமாந்தாவுக்குக் கிடைக்காத அன்பைப் பாட்டில் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு, ஏற்காவிட்டால் விடுங்கள்.

இன்னொன்று "ப்ளெகாரியா ஆ உன் லாப்ரதோர்", ஒரு உழவனை நோக்கிய மன்றாட்டு. எழுந்திரு, மலையைப் பார், உன் கைகளைப் பார், சகோதரனின் கையைப் பிடி என்று மெதுவாகத் தொடங்கும். நடுவில் கவனித்தால் வருவது பரமண்டல ஜெபம்: எங்களை வறுமையில் ஆள்பவனிடமிருந்து விடுவி, உன் சித்தம் இந்தப் பூமியில் நிறைவேறட்டும். கடவுளிடம் கேட்க வேண்டியதை உழவனிடம் கேட்கிறார்! கடைசியில் வேகம் ஏறி, கோரஸ் சேர்ந்து, ஆமென் என்று முடிகிறது. குருமடத்தில் இருந்த இரண்டு வருஷம் வீண் போகவில்லை. 1969இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் புதுப்பாட்டு விழாவில் கிலாபாயூனோடு பாடி முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த இறுதி நிகழ்ச்சி நடந்த அரங்கு எது தெரியுமா? எஸ்தாதியோ சிலே. அந்த அரங்கை அவருக்கு முன்பே தெரியும், மேடையிலிருந்து.

எதிர்க்கரை:

எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். அமாந்தா பாட்டு அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், கட்சி இளைஞர் அமைப்பின் "திகாப்" கம்பெனிக்கு இசைத்தட்டு போட்டவர், தேர்தல் மேடைகளில் பாடியவர். கணிசமான பாட்டுகள் துண்டுப் பிரசுரம்தான். அதிலும் புவெர்தோ மோன்த் பாட்டில் ஒரு அமைச்சரின் பெயரை நேரடியாகச் சொல்லி, நீர் பதில் சொல்ல வேண்டும் என்று பாடினார். இரண்டு வருஷத்தில் அந்த அமைச்சரை ஒரு தீவிரவாதக் குழு சுட்டுக் கொன்றது. கலைஞனுக்குப் பொறுப்பு வேண்டாமா? கொலை செய்யப்பட்டவர் என்பதற்காக இதையெல்லாம் பேசாமல் விடுவது சரியா?

பழைய_ரேடியோ:

கேள்வி சரியானது, பதிலும் முழுசாக வேண்டும்.

1969 மார்ச் 9. தெற்கில் புவெர்தோ மோன்த் ஊரில், வீடில்லாத குடும்பங்கள் ஒரு தரிசு நிலத்தில் குடிசை போட்டிருந்தன. விடியற்காலையில் ஆயுதப் போலீஸ் வந்து சுட்டது, குடிசைகளைக் கொளுத்தியது. கைக்குழந்தை உட்படப் பத்துப் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அன்றைய உள்துறை அமைச்சர் எத்முந்தோ பேரெஸ் சுகோவிச். ஹாரா சில நாட்களிலேயே பாட்டு எழுதிச் சாந்தியாகோவில் கண்டனக் கூட்டத்தில் பாடினார். பாட்டில் பழிக்குப் பழி என்றோ, கொல் என்றோ எங்கும் இல்லை. ஆயுதம் இல்லாதவர்களுக்கு ஏன் துப்பாக்கியால் பதில் சொன்னாய் என்று கேட்கிறது. தெற்கின் எல்லா மழை பெய்தாலும் உன் கையைக் கழுவ முடியாது என்கிறது. ஒரு அமைச்சரை நோக்கிக் குடிமகன் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

பேரெஸ் சுகோவிச்சை 1971 ஜூனில் கொன்ற குழு கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்ததில்லை. அயெந்தே அரசும் அந்தக் கொலையைக் கண்டித்து அந்தக் குழுவை வேட்டையாடியது. அந்தக் கொலைக்குப் பாட்டைக் காரணமாக்கினால் புவெர்தோ மோன்த் படுகொலையைப் பற்றி எழுதிய ஒவ்வொரு பத்திரிகையையும் காரணமாக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அதே 1969இல் சாந்தியாகோவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இந்தப் பாட்டைப் பாடியபோது கல்லால் அடித்தார்கள். அவர் யாருக்கு முன்னால் பாடினால் கைதட்டு கிடைக்கும் என்று பார்த்துப் பாடியவர் இல்லை.

எதிர்க்கரை:

விவரத்துக்கு நன்றி. அந்தக் குழுவுக்கும் கட்சிக்கும் தொடர்பில்லை என்பதை ஏற்கிறேன். ஆனாலும் என் அடிப்படைக் கருத்து அப்படியே இருக்கிறது: பெயர் சொல்லித் திட்டும் பாட்டு அந்தப் பெயரோடு பழசாகிவிடும். இன்றைக்குச் சிலேயில் ஒரு இருபது வயதுப் பிள்ளைக்கு பேரெஸ் சுகோவிச் யார் என்று விளக்கித்தான் பாட்டைக் கொடுக்க வேண்டும். அமாந்தாவுக்கு விளக்கம் வேண்டாம். "லுச்சின்" பாட்டுக்கும் வேண்டாம். சேற்றில் துணிப்பந்தை வைத்துக்கொண்டு பூனையோடும் நாயோடும் குதிரையோடும் விளையாடும் ஒரு சின்னப் பையன், பார்ராங்காஸ் என்ற ஏழைப் பகுதியின் கூரைகளுக்கு மேலே பட்டம் மாதிரி இருக்கிறான். இப்படிப் பிள்ளைகள் மண்ணும் புழுவும் தின்றுகொண்டிருந்தால் கூண்டையெல்லாம் திறந்துவிடுவோம் என்று முடிகிறது. அரசியல் இதிலும் இருக்கிறது, ஆனால் இது நிற்கும்.

நாற்றுமேடை:

எதிர்க்கரை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்வேன், மீதியை மாட்டேன். பழசாகும் பாட்டையும் யாராவது பாடித்தான் ஆக வேண்டும், செத்தவர்கள் அந்த வாரமே செத்தவர்கள் அல்லவா.

"லுச்சின்" வந்தது 1972இல் "லா போப்லாசியோன்" இசைத்தட்டில். என்னைக் கேட்டால் ஹாராவின் பெரிய வேலை இதுதான், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு. எர்மிந்தா தே லா விக்தோரியா என்று சாந்தியாகோவின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. 1967இல் வீடில்லாத குடும்பங்கள் இரவோடு இரவாகப் புகுந்து பிடித்த நிலம். அந்த நாட்களில் இறந்துபோன எர்மிந்தா என்ற கைக்குழந்தையின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். ஹாரா அங்கே போய் உட்கார்ந்து பேசினார். பெண்கள் சொன்னது, எப்படிக் கொடி நட்டோம், போலீஸ் எப்படிச் சுற்றி வளைத்தது, மழையில் எப்படி இருந்தோம், எல்லாவற்றையும் நாடாவில் பதிந்தார். சீவெக்கிங்கும் கூட இருந்து எழுதினார். பாட்டுகளுக்கு நடுவே அந்த மக்களின் சொந்தக் குரல், கோழி கூவும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம் எல்லாம் வரும். நிலம் பிடித்த இரவு ஒரு பாட்டு, தகரத்தையும் பலகையையும் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு பாட்டு. மக்களுக்காகப் பாடுகிறேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த மக்களையே தட்டுக்குள் பேசவிட்டவர்கள் குறைவு. ஒரு நாடக இயக்குநரால்தான் இப்படி ஒரு தட்டு போட முடியும். செம்மண்தடம் மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

வடகரை:

அயெந்தே ஆட்சியில், 1970 முதல் 73 வரை, அவர் என்ன செய்தார்? பதவி ஏதும் வாங்கினாரா?

பழைய_ரேடியோ:

பதவி இல்லை. பல்கலைக்கழக நாடக அமைப்பில் இருந்த இயக்குநர் வேலையை விட்டார். அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேலையாக நாடு முழுக்கச் சுற்றிப் பாடினார். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே முடக்கினார்கள், அயெந்தேயைக் கவிழ்க்கத்தான், அமெரிக்காவின் பணமும் அந்த அரசைக் கவிழ்க்கும் வேலையில் இருந்தது என்பது பிறகு அமெரிக்க செனட் விசாரணையிலேயே வந்தது. அப்போது தன்னார்வலர்களோடு மூட்டை இறக்கப் போனார். நெரூதாவுக்கு நோபல் கிடைத்த பிறகு தேசிய ஸ்டேடியத்தில் நடந்த வரவேற்பு நிகழ்ச்சியை இயக்கியவரும் இவர்தான். நெரூதாவைத் தமிழில் இவ்வளவு படித்திருக்கிறோம், அந்த நிகழ்ச்சியை மேடையேற்றியவரைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் படிக்கவில்லை. ராணுவம் வந்த பன்னிரண்டே நாளில் நெரூதாவும் போய்விட்டார்.

கிதார்காரன்:

அந்தக் காலத்து இசையில் ஒன்று விட்டுப்போகக் கூடாது. 1971இல் "எல் தெரேச்சோ தே விவிர் என் பாஸ்", நிம்மதியாக வாழும் உரிமை, வியட்நாமுக்காகவும் ஹோ சி மின்னுக்காகவும் எழுதியது. அதில் லாஸ் பிளாப்ஸ் என்ற ராக் குழுவைக் கூட்டிவந்து எலெக்ட்ரிக் கிதாரும் ஆர்கனும் வைத்தார். அன்றைக்கு இடதுசாரிகளில் பலருக்கு எலெக்ட்ரிக் கிதார் என்றாலே அமெரிக்க ஏகாதிபத்தியம். இவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதே தட்டில் மால்வினா ரெய்னால்ட்ஸின் ஒரு அமெரிக்கப் பாட்டை எடுத்து, சாந்தியாகோ பணக்காரத் தெருவுக்கு மாற்றிப் பாடினார். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளும் மனது.

எதிர்க்கரை அண்ணா, உங்கள் "பழசாகிவிடும்" வாதத்துக்கு இதுதான் என் பதில். ஹோ சி மின் பெயர் சொல்லும் இந்தப் பாட்டைத்தான் 2019 அக்டோபரில் சாந்தியாகோ தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் பாடினார்கள். மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய போராட்டம், அரசு ஊரடங்கு போட்டு ராணுவத்தைத் தெருவில் இறக்கியது. மக்கள் பால்கனியில் நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள், நூற்றுக்கணக்கான கிதார்களோடு தேசிய நூலகத்துக்கு முன்னால் கூடி வாசித்தார்கள். பிறகு சிலே கலைஞர்கள் பலர் சேர்ந்து வரிகளை இன்றைக்கு ஏற்றபடி மாற்றியும் பதிந்தார்கள். பெயர் பழசானாலும் ஜனங்கள் அதை மாற்றிக்கொள்வார்கள்.

எதிர்க்கரை:

அதைக் காணொளியில் பார்த்திருக்கிறேன், நல்ல பதில். அந்தப் பாட்டின் மெட்டுக்குத்தான் அந்த வலிமை என்று நான் சொல்வேன், ஆனால் இதில் பிடிவாதம் பிடிக்கப் போவதில்லை.

செம்மண்தடம்:

ஜோன் ஹாராவைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் பாதி நம் காதுக்கு வந்திருக்காது.

லண்டனில் பிறந்த நடனக்காரர். சிலே தேசிய பாலேயில் ஆட வந்தவர், நாடகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர், ஹாரா அங்கே மாணவர். முதல் கல்யாணம் முறிந்து, கைக்குழந்தை மனுவேலாவோடு தனியாக இருந்தபோது ஹாரா நெருங்கினார். மனுவேலாவைத் தன் மகளாகவே வளர்த்தார், பிறகு அமாந்தா பிறந்தாள்.

1973 செப்டம்பர் 18, சிலேயின் சுதந்திர நாள். பதிவு அலுவலகத்தில் வேலை செய்த ஒரு இளைஞர் பிணவறையில் ஹாராவை அடையாளம் கண்டு, தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் வீட்டுக்கு வந்து சொன்னார். ஜோன் அவரோடு போனார். பெயர் இல்லாத உடல்கள் வரிசையாகக் கிடந்த இடத்தில் கணவரைக் கண்டார். அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் பொது இடுகாட்டில் சுவர்க் கல்லறை ஒன்றில் வைத்தார்கள். அடுத்த மாதம் இரண்டு பெண்பிள்ளைகளோடு நாட்டை விட்டுக் கிளம்பினார். சிலேயில் அவர் தட்டுகள் வைத்திருந்தாலே ஆபத்து, திகாப் கம்பெனியின் மூலநாடாக்கள் அழிக்கப்பட்டன. வெளியே வந்த நாடாக்களை வைத்துத்தான் முடிக்காத கடைசிப் பாட்டுகளும் 1974இல் லண்டனில் தட்டாக வந்தன.

அதன் பிறகு ஐம்பது வருஷம் அந்தப் பெண் வழக்கை விடவில்லை. 2003இல் அந்த உள்ளரங்குக்கு விக்டர் ஹாரா பெயர் வைத்தார்கள். 2009இல் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். அந்த டிசம்பரில் ஊரறிய அடக்கம், மூன்று நாள் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், அதிபர் மிசெல் பாச்செலேத்தும் வந்தார். சந்தேகத்துக்குரிய பெத்ரோ பார்ரியெந்தோஸ் என்ற முன்னாள் அதிகாரி அமெரிக்காவில் புளோரிடாவில் குடியுரிமையோடு வாழ்ந்துகொண்டிருந்தான். 2016இல் ஒர்லாண்டோ நீதிமன்றத்தில் சிவில் வழக்கில் அவன்தான் பொறுப்பு என்று ஜூரி சொன்னது, 2.8 கோடி டாலர் இழப்பீடு. சிலேயில் 2018இல் முன்னாள் அதிகாரிகளுக்குத் தண்டனை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏழு பேரின் தண்டனையை உறுதி செய்தது. அதில் ஒருவன், 86 வயது, போலீஸ் கூட்டிப்போக வந்தபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். அந்த நவம்பர் 12இல் ஜோன் 96 வயதில் இறந்தார். பார்ரியெந்தோஸை அமெரிக்கா நாடு கடத்திச் சிலேயிடம் ஒப்படைத்தது டிசம்பர் தொடக்கத்தில். மூன்று வாரம் முந்தியிருக்கலாம். எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

வடகரை:

இவ்வளவு படித்துவிட்டேன், இனி கேட்க வேண்டும். எங்கே தொடங்குவது? எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதா?

கிதார்காரன்:

கிடைக்கிறது, ஆனால் தொகுப்புகளில் தொடங்காதீர்கள், எல்லாத் தட்டும் கலந்து குழம்பிவிடும். முதலில் 1969 தட்டு, "போங்கோ என் துஸ் மானோஸ் அபியெர்தாஸ்". அமாந்தா, புவெர்தோ மோன்த் பாட்டு இரண்டும் அதில் இருக்கின்றன. பிறகு 1971 தட்டு. பிறகு "லா போப்லாசியோன்", இதை மட்டும் நடுவில் நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள்.

நாற்றுமேடை:

அதோடு "கான்ட்டோ போர் த்ராவெசுரா"வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973இல் செய்தது, முழுக்கத் தென் சிலேயின் கிராமத்து நையாண்டிப் பாட்டுகள், கொஞ்சம் பச்சையாகவும் இருக்கும். 1966இலேயே ஒரு பக்தைப் பெண்ணும் துறவியும் வரும் நாட்டுப் பாட்டைப் பாடி ரேடியோவில் தடை வாங்கியவர் அவர், இந்த விளையாட்டுக் குணம் கடைசி வரை போகவில்லை. படத்தில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று இதைக் கேட்டால்தான் தெரியும். "லா போப்லாசியோன்" பாட்டுகளின் வரிகளை, நடுவில் வரும் பெண்களின் பேச்சோடு சேர்த்துத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். முதல் மூன்று தயார், தனி இழையாகப் போடுகிறேன். ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் அங்கே வந்து திருத்துங்கள், குறிப்பாகச் சேரிப் பேச்சு வரும் இடங்களில்.